யூதர் கல்லறையின் கிழக்கு மூலை

“உனக்கு இது புரியாது. நீங்கள் நினைத்தால் கப்பலேறி உங்கள் ஊருக்குப் போய்விடலாம்.”

பள்ளிக்கூடப் படிக்கட்டில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே என் யூதத் தோழி இப்படிச் சொன்னாள். அவள் என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுவாள். ஜப்பான்காரன் பினாங்குக்கு வருவதற்கு முந்திய வருஷம் அது. அவளுடைய அண்ணன் வீட்டுச் சுவரில் பாலஸ்தீனத்தின் வரைபடம் ஒன்றை ஒட்டிவைத்திருந்தானாம். யூதர்களுக்கென்று அங்கே ஒரு நாடு வரப்போகிறது, நான் போய் ஆரஞ்சு பயிரிடப்போகிறேன் என்று தினமும் சாப்பாட்டு மேசையில் சொல்கிறானாம். “அங்கே இப்போது ஆள்கள் இல்லையா?” என்று கேட்டேன். பூகோளத்தில் வகுப்பிலேயே முதலாக வருகிறவள் கேட்கக்கூடிய சாதாரணக் கேள்விதான். அதற்குத்தான் அந்தப் பதில் வந்தது.

எங்களுக்கு ஊர் என்று ஒன்று இருந்தால் அதன் பெயர் மட்டும்தான் அப்பாவுக்குத் தெரியும். கைக்குழந்தையாக வந்தவர். அதை அவளிடம் சொல்ல என் ரோஷம் இடம் தரவில்லை. இன்னொன்றையும் நாங்கள் இருவரும் வாய்விட்டுப் பேசியதில்லை. நாங்கள் குடியிருந்தது அவளுடைய ஜனங்களின் கல்லறைத் தோட்டத்தில். வாசல் கதவை ஒட்டி ஒரு தகரக் குடிசை. அப்பா அதன் காவல்காரர். முனிசிபல் மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு அந்த வேலையைக் கொடுத்ததே தோழியின் தகப்பனார்தான்.

எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அம்மாவுக்கு ரேகை. அப்பாவுக்கும் ரேகை. நான் சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கல்லறைகளுக்கு நடுவே நடந்து வாசலுக்கு வரும்போது, அந்தத் தெருவில் என்னைப் போல ஒருத்தி இல்லை என்று எனக்குத் தெரியும். அதை மறைக்கவும் மாட்டேன்.

தோட்டம் ஒடுங்கி நீளமாகப் போகும். முன்பாதியில் கல்லறைகள். அவற்றில் இருந்த எழுத்தை எங்கள் தெருவில் யாராலும் படிக்க முடியாது. அது வலமிருந்து இடமாகப் போகும் என்று தோழி சொல்லியிருந்தாள். பின்பாதி வெறும் புல்லும் சில தென்னைகளும். கிழக்கு மூலையில் ஒரு கெம்போஜா மரம், வெள்ளைப் பூ உதிர்ந்துகொண்டே இருக்கும். மலாய்க்காரர்கள் இடுகாட்டில் நடும் மரம். அதற்கடியில் தரை கொஞ்சம் மேடாக இருக்கும், அவ்வளவுதான். கல்லோ எழுத்தோ கிடையாது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தமிழ் முஸ்லிம் விதவையின் வீடு. நாங்கள் மாமி என்று கூப்பிடுவோம்.

அப்பாவின் வேலை சுத்தமாக வைத்திருப்பது. அவர் அதில் யாருக்கும் இளைத்தவர் இல்லை. விடிந்ததும் துடைப்பத்தை எடுத்தால் சருகு, பூ, பறவை எச்சம் ஒன்றும் இருக்காது. கல்லறைகளின் மேல் சில சமயம் கூழாங்கற்கள் கிடக்கும். தெருப் பிள்ளைகள் எறிவதாக நினைத்து அவற்றையும் கூட்டி அள்ளிச் சாக்கடையோரம் கொட்டுவார். வருஷக்கணக்காகக் கொட்டி அங்கே ஒரு சின்னக் குவியலே சேர்ந்திருந்தது.

பிறகு ஆகாயக் கப்பல்கள் வந்தன. ஜனங்கள் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள், குண்டு விழும்வரை. வெள்ளைக்காரர்கள் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டார்கள். தோழியின் குடும்பமும் சிங்கப்பூருக்கு ரயிலேறப் புறப்பட்டது. போகும் நாளில் அவர்கள் எல்லோரும் தோட்டத்துக்கு வந்தார்கள். தோழியின் அம்மா ஒரு சின்னக் கல்லறை முன் வெகுநேரம் நின்றார். காய்ச்சலில் போன கடைசிப் பையனுடையது அது. பிறகு பின்வேலியின் இடுக்கு வழியாக மாமியின் வீட்டுக்குள் போய்விட்டுக் கண் சிவந்து வந்தார். தோழி என் கையைப் பிடித்து, “சாவி உன் அப்பாவிடம் இருக்கட்டும்” என்றாள். எங்கள் குடிசை வாசல்வரை அவள் வந்தது அதுதான் முதல் தடவை.

ஜப்பான்காரன் வந்ததும் செய்த முதல் காரியங்களில் ஒன்று கடிகாரத்தை மாற்றியது. தோக்கியோ நேரம்தான் இனி எங்கள் நேரம். காலை என்று சொல்லி எங்களை எழுப்பினார்கள், வெளியே கும்மிருட்டாக இருக்கும். அந்தக் காலைகளை என்னால் மறக்க முடியவில்லை. சூரியனுக்கு முன்னால் எழுந்து, சூரியன் இல்லாத வெளிச்சத்தில் பல் விளக்கி, நிழல் போல நடமாடுவோம். தெருவில் ஆள்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். தலையில் சாக்கு மாட்டிக் கண்ணுக்கு மட்டும் ஓட்டை வைத்த மனிதர்கள் வரிசையில் நிற்பவர்களைப் பார்த்துத் தலையசைப்பார்களாம். அசைத்தால் அந்த ஆள் லாரியில் ஏறுவான். நான் பார்க்கவில்லை. ஆனால் ஏறிப் போனவர்களின் வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

அந்த நாள்களில்தான் கற்கள் திரும்ப வர ஆரம்பித்தன.

முதலில் அந்தச் சின்னப் பையனின் கல்லறை மேல் ஒரே ஒரு கூழாங்கல். அப்பா கூட்டித் தள்ளினார். மறுநாள் மறுபடியும் ஒன்று. கதவு பூட்டியே இருந்தது. எங்கள் நாய் குரைக்கவில்லை. யூதர்களில் ஒருவர்கூட அந்தத் தெருவில் மிச்சமில்லை. தெருப் பிள்ளைகளோ பயத்தில் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை.

“யாரு இதச் செய்யறது?” என்றார் அப்பா.

“யாருன்னு கேக்காதீங்க, கேட்டா பதில் வந்துடப்போவுது” என்றாள் அம்மா. அன்றைக்கே ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவிக் குடிசையின் இரண்டு பக்கமும் வைத்தாள்.

கொஞ்ச நாளில் மற்றக் கல்லறைகள் மேலும் கற்கள். ஒன்றில் இருக்கும், பக்கத்தில் இருப்பதில் இருக்காது, அதற்கடுத்ததில் இருக்கும். யாரோ வீடு வீடாகப் போய் நலம் விசாரித்தது மாதிரி. அப்பா கூட்டக் கூட்ட, சாக்கடையோரக் குவியல் பெரிதாகியிருக்க வேண்டும். அது சிறிதாகிக்கொண்டு வந்தது. அதை முதலில் கவனித்தது நான்தான். அப்பாவிடம் சொல்லவில்லை.

அரிசி கிடைப்பது அரிதானபோது, காலி நிலம் எங்கிருந்தாலும் கிழங்கு போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஒவ்வொரு தெருவுக்கும் ஜப்பான்காரன் ஒரு தலைவனை நியமித்திருந்தான். எங்கள் தெருத் தலைவர் முன்பு துறைமுகக் கிடங்கில் கங்காணியாக இருந்த தமிழர். பங்கீட்டு அரிசி அவர் கை வழியாகத்தான் வரும். அதனால் அவர் இருமினால்கூட நாங்கள் எழுந்து நிற்போம். அவர் வந்து தோட்டத்தின் பின்பாதியைப் பார்த்தார்.

“எவ்ளோ நல்ல மண்ணு! செத்தவன் படுக்கறதுக்கா இது? மூலை முடுக்கு விடாம மரவள்ளி போடு” என்று அப்பாவிடம் சொன்னார்.

அப்பாவும் அம்மாவும் நானும் நட்டோம். குச்சிகள் வேர் பிடித்து இடுப்புயரம் வந்தன. பிறகு தலைக்குமேல். காற்றே இல்லாத மத்தியானத்திலும் அந்த இலைகள் ஓரிடத்தில் மட்டும் அசைந்து நிற்கும். அம்மா கிழங்கைத் தோண்டும்போது ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொள்வாள், கையில் வேறு ஏதாவது வந்துவிடுமோ என்று. கிழங்குகள் என்னவோ கொழுத்துத்தான் வந்தன. நாங்கள் உயிரோடிருந்தது அவற்றால்தான். அதைச் சொல்லாமல் விட முடியாது.

கிழக்கு மூலையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. நட்ட குச்சிகள் மறுநாள் மண்ணுக்கு வெளியே இருக்கும். கலைந்தோ ஒடிந்தோ அல்ல. பக்கத்தில் பக்கத்தில், நுனி எல்லாம் ஒரே பக்கமாக, பாய் விரித்த மாதிரி அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அடியில் ஒட்டிய மண்ணைக்கூட யாரோ தட்டிவிட்டிருப்பார்கள். கெம்போஜாப் பூக்கள் அதன்மேல் உதிர்ந்து கிடக்கும். அந்த மேட்டின் மேலும் கற்கள்.

“வேணாங்க, அந்த மூலைய விட்டுடுவோம்” என்று அம்மா கெஞ்சினாள்.

விட முடியாத நிலைமை வந்தது. தலைவர் ஒருநாள் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் அப்போது ஜப்பான்காரன் திறந்த நிப்பொன் பள்ளியில் சேர்ந்து அவர்கள் எழுத்தை ஓரளவு கற்றிருந்தேன். அந்தத் தெருவில் அது தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

“படிச்ச பொண்ணுக்கு ஒரு வேல கொண்டாந்திருக்கேன்” என்றார். “தோட்டத்தப் பார்வையிட அதிகாரி வர்றாரு. அவனுங்க எழுத்துல எழுதணும், இது சொந்தக்காரன் இல்லாத நிலம்னு. காலியாக் கெடக்கற அந்த மூலையில கொண்டுபோயி அடிச்சிடறேன்.”

“சொந்தக்காரங்க இருக்காங்களே ஐயா” என்றார் அப்பா மெதுவாக. “சாவி என்கிட்டக் குடுத்துட்டுப் போயிருக்காங்க.”

“ஓடினவன் நிலம் எவனுக்கும் சொந்தமில்லலா. உனக்குத்தான்யா நல்லது சொல்றேன். பலக ஏறிச்சின்னா மொத்தத்தையும் உன் பேருக்கே பயிர் பண்ண விடுவாங்க. நீ மாட்டேன்னா என் மச்சான் குடும்பத்தோட வர்றான். குடிசைய காலி பண்ணிக் குடுத்துட்டு நட.”

அவர் போன பிறகு மூவரும் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இருப்பதற்கு அந்தக் குடிசை, தின்பதற்கு அந்த மண். அதைவிட்டால் லாரிகள் திரியும் தெரு. “எழுதிக் குடுத்துடு பாப்பா” என்றாள் அம்மா. “எழுத்துதானே.” எழுத்துதானே என்று அவள் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. என்னைப் படிக்கவைக்கத் தன் மூக்குத்தியை விற்றவள் அவள்.

அதற்கு இரண்டொரு நாளில் எனக்குக் காய்ச்சல் கண்டது. தெருவில் எல்லோரும் தினமும் திடலுக்குப் போய்க் கிழக்கே பார்த்து வணங்கி உடற்பயிற்சி செய்ய வேண்டும். அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தேன். கடிகாரத்தின்படி காலை, கண்ணுக்கு இன்னும் இருட்டு. தெருவில் ஒரு மனித வாசனை இல்லை. எங்கோ தூரத்தில் ஒலிபெருக்கி மட்டும் இச்சி, நீ, சான் என்று எண்ணிக்கொண்டிருந்தது. அந்த எண்ணிக்கைக்கு ஏற்ற மாதிரி மரவள்ளிச் செடிகளுக்குள் ஏதோ நடந்து வந்தது. வெள்ளையாக. தலை முதல் கால் வரை வெள்ளையாக. அது பையனின் கல்லறை முன் நின்று குனிந்தது.

கம்பளியைக் கடித்துக்கொண்டேன்.

“என்னா புள்ள, காய்ச்சலா? திடலுக்குப் போகலியா?” என்றது அது. மாமியின் குரல். தொழுதுவிட்டு அந்த வெள்ளைத் துப்பட்டியோடேயே வந்திருக்கிறார். முட்டி வலி என்று சொல்லித் திடலுக்குப் போவதிலிருந்து விலக்கு வாங்கியிருந்தார்.

“மாமி... நீங்களா?”

“பின்ன யாரு, பேயா, ஜின்னா? நல்லாப் பயந்தே போ.”

“கல்லு வெக்கிறது நீங்கதானா?”

“உங்கப்பன் கூட்டித் தள்ளித் தள்ளி என் இடுப்பு போச்சு.” என் பக்கத்தில் வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தார். “அந்த ஜனத்தோட வழக்கம் இது புள்ள. பூ வெக்க மாட்டாங்க. வந்து பாத்துட்டுப் போனதுக்கு அடையாளமா ஒரு கல்ல வெச்சுட்டுப் போவாங்க. உன் கூட்டாளியோட அம்மா வருஷக்கணக்கா வெச்சுச்சு. உங்கப்பன் வருஷக்கணக்காத் தள்ளினாரு.”

எனக்கு முகம் சூடேறியது, காய்ச்சலால் மட்டும் இல்லை. “அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?”

“சொல்லுங்கன்னு அவங்ககிட்டச் சொன்னேன். எவ்ளோ ஆசையாக் கூட்டறாரு, மனசு நோகும், வேணாம்னுட்டாங்க. போற அன்னிக்கு வந்து அழுதாங்க. என்னய யாருமே வந்து பாக்கலன்னு என் புள்ள நெனச்சுக்கும், நீ ஒரு கல்லு வெய்னு கேட்டாங்க. வெக்கிறேன்.”

“அப்போ அந்த மூலையில குச்சியப் பிடுங்கறது?”

ஒலிபெருக்கி நின்றிருந்தது. எல்லோரும் குனிந்திருக்கும் நேரம்.

“அதுவும் நாந்தான். அங்க எங்க வாப்பாவோட ராத்தா, அவரோட அக்கா, படுத்திருக்கு. சின்னப் புள்ளயாவே மவுத்தாப் போச்சாம். அப்ப இது எங்க பாட்டன் தோப்பு. அப்புறம் எப்படிக் கை மாறிச்சு, யாரு வித்தா, யாரு வாங்கினா, எனக்கு ஒன்னும் தெரியாது. தோப்பு போச்சு. அவ போகலியே, அங்கதானே இருக்கா.”

“பிடுங்கினத ஏன் மாமி அப்படி அடுக்கி வெச்சீங்க? நாங்க உயிரையே விட்டுட்டோம்.”

“திங்கற பொருள வீசி எறியச் சொல்றியா? வேற எடத்துல நட்டுக்கட்டும்னு அழகா எடுத்து வெச்சா, இவளுக்கு உயிரு போச்சாம்!”

சிரித்தேன். பல நாளைக்குப் பிறகு. மாமியும் சிரித்தார். பிறகு அவரே பேச்சை எடுத்தார். “அந்தம்மாவோட பெரிய பையன் ஒரு நாடு வரப்போகுது, ஒரு நாடு வரப்போகுதுன்னு சொல்லிட்டே இருப்பானே, உனக்குத் தெரியுமா? எங்க நானா, அதான் எங்க அண்ணன், ஹஜ்ஜுக்குப் போனவரு அப்படியே பாலஸ்தீனத்துல இருக்கற பைத்துல் முகத்தஸும் போயிட்டு வந்தாரு. யூதங்களுக்கும் புனிதமான ஊரு அதுதானாம். ஜைத்தூன் தோப்பு, கிணறு, வாசல்ல வெளையாடற புள்ளைங்க எல்லாம் பாத்துட்டு வந்து சொன்னாரு. நான் அந்தப் பையன்கிட்டக் கேட்டேன், நீங்க அங்க போனா அங்க இருக்கறவன் எங்க போவான்னு. எடம் நெறைய இருக்கு மாமி, எல்லாருக்கும் இருக்குன்னான். பொய் சொல்ற பையன் இல்ல அவன். நெசமாவே அப்படித்தான் நெனச்சான்.”

எழுந்து துப்பட்டியைச் சரிசெய்தார். எனக்கு ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருந்தது.

“எல்லாக் கல்லறை மேலயும் ஏன் மாமி கல்லு வெக்கறீங்க? அந்த மேட்டு மேலகூட?”

அவர் திரும்பிப் பார்த்தார். “நான் வெக்கிறது அந்தப் பையனுக்கு ஒன்னு. அவ்ளோதான். எங்க ஆளுக்குக் கல்லு எதுக்கு, நான் ஓதிட்டுப் போறேன்.”

“அப்போ மத்ததெல்லாம்?”

“அதெல்லாம் என்கிட்டக் கேக்காத” என்று சொல்லிவிட்டு வேலி இடுக்கு வழியாகப் போய்விட்டார்.

அப்பா திரும்பி வந்ததும் கல்லின் கதையைச் சொன்னேன். அவர் சாக்கடையோரம் போய்க் குந்தி உட்கார்ந்து குவியலிலிருந்து கற்களைப் பொறுக்கித் துணியில் கட்டி எடுத்து வந்தார். கல்லறைகளுக்கு நடுவே அதை வைத்துக்கொண்டு நின்றார். எந்தக் கல் யாருடையது? யார் யாரைப் பார்க்க வந்து வைத்தது? அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. மூட்டையைக் குடிசைக்குள் கொண்டுவந்து என் புத்தகப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். அதன் பிறகு அவர் கல்லறை மேல் துடைப்பத்தை வைத்ததே இல்லை. சருகை ஒவ்வொன்றாகக் கையால் எடுப்பார்.

பலகையில் நான் எழுதினேன். எனக்குத் தெரிந்த நிப்பொன் சொற்களில் கல்லறைக்கு ஒரு சொல் இருந்தது. ஹக்கா. அவர்கள் எழுத்தில் இரண்டே எழுத்து. கறுப்பு மையால் பெரிதாக எழுதிக் காயவைத்தேன்.

தலைவர் வந்து பலகையை இப்படியும் அப்படியும் திருப்பினார். “நான் சொன்னது இம்மாம் நீளம். நீ என்னா ரெண்டே எழுத்துல முடிச்சிட்ட?”

“அவங்க எழுத்து சுருக்கமா இருக்கும் ஐயா.”

“அதான் ஒலகத்தையே புடிக்கிறானுங்க” என்று சொல்லிவிட்டுத் தானே ஆணி வைத்துக் கெம்போஜா மரத்தில் அடித்தார். அம்மாவுக்கு நான் என்ன எழுதினேன் என்று தெரியாது. அப்பாவுக்குச் சொன்னேன். அவர், “சரி” என்றார். அன்றிரவு சட்டி பானைகளைக் கட்டி வைத்துக்கொண்டார்.

அதிகாரி ஒரு சிப்பாயோடு வந்தார். வயதானவர், கண்ணாடி போட்டவர். மரவள்ளி வரிசைகளை வேகமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் பலகை முன் நின்றுவிட்டார். படித்தார். தரையைப் பார்த்தார். அன்றைக்கு அந்த மேட்டின்மேல் முந்திய நாளைவிடக் கற்கள் அதிகமாக இருந்தன. நாங்கள் யாரும் வைக்கவில்லை.

“யார் எழுதியது?” என்று அவர்கள் மொழியில் கேட்டார். நான் முன்னால் வந்து குனிந்து வணங்கினேன். தலைவர் பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தார், பாவம்.

“யாருடைய கல்லறை?”

“தெரியாது.”

“எத்தனை பேர்?”

“தெரியாது.”

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அடி விழும் என்று காத்திருந்தேன். அவர் தொப்பியைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்துப் பற்றவைத்தார். ஒரு இழுப்பு இழுத்தார். பிறகு குந்தி உட்கார்ந்து, ஊதுபத்தியைப் போல அதை மண்ணில் நேராகக் குத்தி நிறுத்தினார். கும்பிட்டு எழுந்து தலைவரிடம் ஏதோ சத்தமாகச் சொன்னார். இந்த மூலையைத் தோண்டாதே, மற்ற இடத்தில் நெருக்கி நடு. எனக்குப் புரிந்த அளவு அதுதான்.

அவர்கள் போன பிறகும் சிகரெட் எரிந்துகொண்டிருந்தது. சிகரெட்டுக்கு உயிரை விடும் காலம் அது. தலைவர் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். தொடவில்லை. சாம்பல் வளையாமல் அப்படியே நின்று, அடிவரை போய் அணைந்தது. யாரோ நிதானமாக இழுத்து முடித்த மாதிரி.

தலைவர் சும்மா விடவில்லை. முன்வரிசைச் செடிகளையெல்லாம் மச்சானுக்குக் கொடுத்துவிட்டார். எங்கள் அரிசியில் கல்லும் மண்ணும் கூடின. ஆனால் குடிசையிலிருந்து விரட்ட அவருக்குத் துணிவு வரவில்லை. அந்தத் தோட்டத்தில் கால் வைக்கவே அவர் யோசித்தார் என்று நினைக்கிறேன். நாங்கள் மெலிந்தோம், அம்மாவின் கால் வீங்கியது, ஜப்பான்காரன் போகும்வரை அங்கேயே இருந்தோம்.

தோழி திரும்பி வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. சிங்கப்பூரில் யூதர்களையெல்லாம் முகாமில் அடைத்து வைத்திருந்தார்கள். அவளுடைய அம்மா அங்கேயே இறந்துபோனார். வந்த அன்று நேராகத் தம்பியின் கல்லறைக்குப் போனாள். அதன்மேல் இருந்த கல்லைப் பார்த்துவிட்டு, “யார்?” என்றாள். நான் வேலி இடுக்கைக் காட்டினேன். அவளும் மாமியும் கட்டிக்கொண்டு அழுதது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அண்ணன் பாலஸ்தீனத்துக்குக் கப்பலேறிவிட்டான். இந்த வருஷம் மே மாதம் யூத நாடு பிறந்துவிட்டது என்று வானொலியில் சொன்னார்கள். தோழி என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். முகாமிலிருந்து வந்தபின் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அடுத்த நாளே சண்டைச் செய்தி வந்தது. முன்பிருந்தே அங்கே இருந்த அரபு ஜனங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீடுகளைவிட்டுப் போகிறார்களாம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் அவர்களுக்காகத் துஆ கேட்டுப் பிரார்த்தித்தார்கள் என்று மாமி சொன்னார். அதற்குப் பிறகு அவர் வேலி இடுக்கு வழியாக வருவது நின்றது. பையனின் கல்லறை மேல் கல் மட்டும் தவறாமல் இருக்கிறது.

தோழியும் தகப்பனாரும் அண்ணன் இருக்கும் நாட்டுக்கே போய்விட முடிவு செய்திருக்கிறார்கள். போவதற்கு முன் தோட்டம் முழுக்க மதில் எழுப்பிவிட நினைக்கிறார்கள். கிழக்கு மூலையும் உள்ளே வரும். கெம்போஜா மரத்தடியில் நின்று இதைச் சொன்னாள்.

“அங்கே மாமியின் ஆள் ஒருத்தி இருக்கிறாளே” என்றேன்.

“இல்லை. அங்கே இருப்பது எங்கள் குழந்தைகள். பெயர் வைக்கும் முன்பே இறந்த குழந்தைகளைக் கல் இல்லாமல்தான் புதைப்போம். என் அம்மாவின் முதல் குழந்தை அங்கேதான் இருக்கிறது. உன்னிடம் எப்படிச் சொல்வது என்றுதான் சொல்லவில்லை.”

அவள் பொய் சொல்கிறவள் இல்லை. மாமியும் இல்லை. வேலிக்கு அப்பால் மாமி துணி உலர்த்துவது போல நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தோழி சொன்னதை அவருக்குச் சொன்னேன்.

“அது உங்க புள்ளைங்கன்னா எங்க ராத்தா எங்க போனா? எழுந்து நடந்து போயிட்டாளா?” என்றார், அவர்களோடு வழக்கமாகப் பேசும் மலாயை விட்டுத் தமிழில்.

“மாமி என்ன சொல்கிறார்?” என்று தோழி கேட்டாள். சொன்னேன்.

“நீ இங்கேயே வளர்ந்தவள். மதிலுக்கு அனுமதி தரும் நில அலுவலகத்தில் நீ சொன்னால் கேட்பார்கள். அது எங்களுடையது என்று சொல். நாங்கள் எங்கே இருந்தாலும் விருந்தாளிதான், பாக்தாத்தில், ரங்கூனில், இங்கே. செத்தவர்களாவது சொந்த இடத்தில் இருக்கட்டுமே.”

“என்னா சொல்லுது அது?” என்றார் மாமி. அதையும் சொன்னேன்.

மாமி உலர்த்திய துணியையே பிடித்துக்கொண்டு நின்றார். “நீ யாரு பக்கம் புள்ள?” என்றார் கடைசியில்.

நான் இப்போது தமிழ்ப் பள்ளி ஆசிரியை. பார்த்ததைப் பார்த்தபடி சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. மதில் வந்தாலும் சரி, மூலை மாமிக்குப் போனாலும் சரி, வழக்கென்று ஒன்று வந்தால் நிலத்தின் மேல் இருக்கும் குடிசையை முதலில் அகற்றச் சொல்வார்கள்.

நேற்றுப் பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நில அலுவலகத்துக்குப் போனேன். அந்த மேட்டில் இரண்டு ஜனங்களின் இறந்தவர்கள் இருப்பதாக இரண்டு தரப்பும் சொல்கிறார்கள், இரண்டையும் நான் நம்புகிறேன், யாரும் தோண்டக்கூடாது என்று சொன்னேன். குமாஸ்தா மூக்குக்கண்ணாடியை இறக்கி, “உனக்கு அந்த நிலத்தில் என்ன சம்பந்தம்?” என்றார். அங்கே குடியிருக்கிறோம், மூன்று வருஷம் அதில் விளைந்ததைத் தின்றோம் என்றேன். அதையும் எழுதச் சொல்லிக் கையெழுத்திட்டேன். திரும்பி வரும் வழியில் சுங்கை பினாங்கில் ஓர் அறைக்கு முன்பணம் கட்டினேன். இன்று காலை, அப்பா சருகு பொறுக்கி முடிக்கும் முன்னே, அம்மாவின் தகரப் பெட்டியையும் அடுப்பையும் ரிக்‌ஷாவில் ஏற்றி அங்கே இறக்கிவிட்டு வந்துவிட்டேன்.